ஊழல் குற்றச்சாட்டு வாக்கைத் திருப்புகிறதா, கூட்டணியைத் திருப்புகிறதா? 1989 முதல் ஒரு கணக்கு

#1 · வைகைக்கரை

போஃபர்ஸ் பீரங்கி பேரத்தை முன்வைத்து ராஜீவ் காந்தியை வீழ்த்தப் புறப்பட்ட தேசிய முன்னணி, 1988 செப்டம்பரில் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. பதினான்கு மாதங்கள் கழித்து நடந்த மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் நானூற்றுச் சொச்சம் இடங்களிலிருந்து 197க்குச் சரிந்தது. ஆனால் அந்த முன்னணி பிறந்த தமிழ்நாட்டில் 39 இடங்களில் காங்கிரஸ் 27, அ.தி.மு.க. 11 என்று இருவருமாக 38ஐ அள்ளிக்கொண்டு போனார்கள். மீதமிருந்த நாகப்பட்டினம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. தி.மு.க.வுக்கு ஒன்றுகூட இல்லை. தி.மு.க.வின் முரசொலி மாறன் மாநிலங்களவை வழியாகத்தான் புதிய பிரதமர் வி.பி. சிங்கின் அமைச்சரவைக்குள் நுழைந்தார்.

அரசு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்த காலமெல்லாம் இந்த முடிவை வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டுக் காரணம் கேட்பேன். இரண்டு விடைகள் தவறாமல் வரும். தமிழ் வாக்காளருக்கு ஊழல் ஒரு பொருட்டே இல்லை என்பது ஒன்று. பீரங்கி விவகாரம் வடக்கின் பிரச்சினை, அது நம் காதுக்கு எட்டவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது நிற்காது. 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி இலஞ்சச் செய்தியை வெளியிட்டது என்றால், அதற்குப் பிறகு ஆவணங்களை வரிசையாக அச்சிட்டது சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து'தான். முதலாவது விடை வாக்காளரை இழிவுபடுத்துகிறது. ஆனால் எதையும் விளக்குவதில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலைப் பாருங்கள். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் அ.தி.மு.க. ஜெ. (ஜெயலலிதா) அணி, ஜா. (ஜானகி) அணி என்று பிளந்து நின்றது. காங்கிரஸ் தனியே நின்றது. தி.மு.க. சுமார் 33 விழுக்காடு வாக்கில் 150 இடங்களைப் பிடித்தது. தோற்ற மூவரின் வாக்குகளையும் கூட்டினால் அது பாதியைத் தொடும். பிப்ரவரியில் அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பி வந்தது, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களை அ.தி.மு.க. வென்றது. நவம்பரில் காங்கிரசும் அதோடு சேர்ந்தபோது, பீரங்கியைப் பற்றி யார் என்ன நினைத்திருந்தாலும் கூட்டல் கணக்கு முன்பே முடிந்துவிட்டது.

நாடு தழுவிய எண்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 1984இல் காங்கிரஸ் பெற்ற 49 விழுக்காடு, இந்திரா காந்தி கொலையை ஒட்டிய அனுதாப அலை. அதை அளவுகோலாகக் கொள்வது தவறு. 1980இல் அக்கட்சிக்கு ஏறத்தாழ 43 விழுக்காடு வாக்கு, 353 இடங்கள். 1989இல் 39.5 விழுக்காடு, 197 இடங்கள். 1991இல் 36 விழுக்காட்டுக்குச் சற்று மேல், 232 இடங்கள். வாக்கு குறைந்த பிறகும் இடம் கூடியிருக்கிறதே, அந்தக் கடைசி எண்ணில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. 1989இல் எதிர்க்கட்சிகள் தொகுதிகளைப் பங்கிட்டு ஒரே வேட்பாளரை நிறுத்தின. 1991இல் பிரிந்து நின்றன. டேவிட் பட்லர், அசோக் லாகிரி, பிரணாய் ராய் ஆகியோர் 'எதிர்க்கட்சி ஒற்றுமைக் குறியீடு' என்று ஒன்றை வகுத்ததே இந்த விந்தையை அளப்பதற்காகத்தான்.

ஆகவே நான் சொல்ல வருவது இது. ஊழல் குற்றச்சாட்டு வாக்காளரைத் தொடுவதற்கு முன்பே அரசியல்வாதிகளைத் தொட்டுவிடுகிறது. அது ஒரு வி.பி. சிங்கைக் காங்கிரஸ் கட்சியிலிருந்து வெளியே கொண்டுவருகிறது; அதுவரை ஒரே மேடையில் உட்கார மறுத்தவர்களுக்கு ஒன்றாக உட்கார ஒரு சாக்குக் கொடுக்கிறது. இடதுசாரிகளும் பா.ஜ.க.வும் ஒரே பிரதமரை இருபுறமும் நின்று தாங்கியதற்குப் பீரங்கியைத் தவிர வேறென்ன காரணம் சொல்ல முடியும்? கூட்டணி திரும்பிவிட்டால், வாக்குகள் இரண்டு மூன்று விழுக்காடு நகர்ந்தாலே ஆட்சி கவிழ்கிறது. கூட்டணி திரும்பாவிட்டால், எத்தனை கோடி எழுதினாலும் கவிழ்வதில்லை.


#2 · குறுக்குக்கேள்வி

ஐயா, கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1989இன் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் வேறொரு கோடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தெற்கு முழுவதும் காங்கிரஸ் வென்றது: ஆந்திராவில் 42இல் 39, கர்நாடகாவில் 28இல் 27, கேரளத்திலும் அதன் அணிதான். வடக்கில் உத்தரப் பிரதேசத்தில் 85இல் 15, பீகாரில் 54இல் 4, ராஜஸ்தானில் 25இல் ஒன்றுமில்லை. இந்தப் பிரிவினைக்கும் மாநில ஆட்சிகளுக்கும் உள்ள பொருத்தத்தைப் பாருங்கள். ஆந்திராவில் தெலுங்கு தேசமும் கேரளத்தில் இடதுசாரிகளும் தமிழ்நாட்டில் தி.மு.க.வும் ஆண்டுகொண்டிருந்தன, கர்நாடகாவில் அந்த ஆண்டு ஏப்ரல் வரை ஜனதா தளம் ஆண்டது. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், குஜராத், ஒரிசா ஆகியவற்றில் காங்கிரஸ். மக்கள் பீரங்கியையும் பார்க்கவில்லை, கூட்டணியையும் பார்க்கவில்லை. தங்கள் மாநிலத்தில் ஆண்டவரை அடித்தார்கள் என்பதுதான் எளிய விளக்கம்.

கர்நாடகாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் 1988 ஆகஸ்டில் பதவி விலகியவர் ராமகிருஷ்ண ஹெக்டே. தேசிய முன்னணியின் நேர்மை முகங்களில் ஒருவராகக் கருதப்பட்டவர் அவர். அங்குள்ள வாக்காளருக்கு ஸ்டாக்ஹோமில் நடந்த ஊழல் தூரம், பெங்களூரில் நடந்தது கிட்டம். ஊழல் வேலை செய்யவில்லை என்று சொல்வதைவிட, எந்த ஊழல் பக்கத்தில் இருந்ததோ அது வேலை செய்தது என்று ஏன் சொல்லக் கூடாது?


#3 · வைகைக்கரை

கேள்வி நியாயமானது, ஹெக்டேயை நான் மறந்தே போனேன். ஆனால் உங்கள் கோட்டிலும் ஓட்டைகள் உண்டு. மகாராஷ்டிரத்தை ஆண்டது காங்கிரஸ். அங்கே அது 48இல் 28ஐத் தக்கவைத்தது. மேற்கு வங்கத்தை ஆண்டவர்கள் இடதுசாரிகள். அவர்கள் அசையவே இல்லை. தமிழ்நாட்டில் தி.மு.க. பதின்மூன்று ஆண்டு வனவாசம் முடிந்து வந்து பத்தே மாதங்கள் ஆகியிருந்தன; அதற்குள் அத்தனை வெறுப்பு முளைத்துவிட்டது என்று நம்புவது கடினம்.

உண்மையில் உங்கள் விளக்கமும் என்னுடையதும் பல மாநிலங்களில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ராஜஸ்தானில் காங்கிரஸ் ஆட்சி. அதே நேரத்தில் பா.ஜ.க.வும் ஜனதா தளமும் தொகுதி உடன்பாடு செய்துகொண்டு, 13, 11 என்று ஏறக்குறைய முழுவதையும் வாரின. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பீகாரில் அக்டோபரில் நடந்த பாகல்பூர் கலவரத்தையும், நவம்பர் 9 அயோத்தி அடிக்கல்லையும் சேர்க்காமல் பேசுவதும் பொய்க்கணக்காகிவிடும்.


#4 · எண்ணும் எழுத்தும்

பேராசிரியரின் கோட்பாட்டுக்கு நெருக்கடி தருவது 1989 அல்ல, 1996 என்று நினைக்கிறேன். 1991இல் அ.தி.மு.க. பெற்றது 44 விழுக்காடு வாக்கு, 164 இடங்கள். 1996இல் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான தொகுதிகளில் நின்று பெற்றது 21.5 விழுக்காடு, 4 இடங்கள். முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தி.மு.க.வின் சுகவனத்திடம் தோற்றார். கூட்டணிக் கணக்கினால் இடங்கள் குறையலாம். கட்சியின் சொந்த வாக்கு பாதியாகக் குறைவதற்குக் கூட்டணிக் கணக்கு காரணமாக முடியாது. 1991இல் ராஜீவ் கொலையை ஒட்டிய அலையின் வாக்கும், அப்போது உடனிருந்த காங்கிரஸ் வாக்கும் அந்த 44இல் அடங்கும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், வாக்காளர் நேரடியாகவே விலகிப் போயிருக்கிறார்கள் என்பதை மறுக்க வழியில்லை.

மாறாக 2011ஐ எடுத்தால் பேராசிரியர் சொல்வது அப்படியே பொருந்துகிறது. 2006இல் 132 தொகுதிகளில் நின்ற தி.மு.க.வுக்கு 26.5 விழுக்காடு, 2011இல் 119 தொகுதிகளில் நின்று 22.4 விழுக்காடு. அலைக்கற்றை (2ஜி உரிம ஒதுக்கீடு) விவகாரம் உச்சத்தில் இருந்த நேரம் அது. மத்திய அமைச்சராக இருந்த தி.மு.க.வின் ஆ. இராசா பிப்ரவரி 2இல் கைதாகிச் சிறையில் இருக்கிறார். ஏப்ரல் 13இல் வாக்குப்பதிவு. நின்ற தொகுதிக் குறைவைக் கழித்தால் வாக்குச் சரிவு சில விழுக்காடுதான். ஆனால் இடங்கள் 96இலிருந்து 23 ஆயின. காரணம், 2006இல் தனியே நின்று எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய தே.மு.தி.க.வும், தி.மு.க. அணியிலிருந்த இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் அ.தி.மு.க. பக்கம் போய்ச் சேர்ந்ததுதான்.

இரண்டும் ஊழல் தேர்தல்கள் என்றே பெயர் பெற்றவை. ஒன்றில் வாக்கே பாதியானது. மற்றொன்றில் கீறல்தான் விழுந்தது. ஏன் இந்த வேறுபாடு?


#5 · தென்பெண்ணை

1996இல் நான் பர்கூர் பக்கத்தில் வாக்களித்தவள் என்பதால் இதற்கு விடை சொல்ல எனக்குச் சற்று உரிமை இருக்கிறது.

மாதம் ஒரு ரூபாய் மட்டுமே சம்பளம் வாங்குவதாகச் சொன்ன முதலமைச்சர், 1995 செப்டம்பரில் வளர்ப்பு மகனுக்கு நடத்திய திருமணத்தை எங்கள் ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. நேரில் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனால் ஒட்டியாணம் முதல் அடுக்கடுக்கான மாலைகள் வரை அணிந்து முதலமைச்சரும் தோழி சசிகலாவும் நின்ற அந்தப் புகைப்படம் டீக்கடைச் சுவரிலிருந்து முடிதிருத்தும் கடைக் கண்ணாடி வரை ஒட்டியிருந்தது. நகை என்றால் என்ன, அதன் எடை என்ன, ஒரு பவுனுக்கு எத்தனை நாள் கூலி என்பது எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஒரே படத்தில் கணக்கு முடிந்துவிட்டது. தணிக்கை அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

2011இல் சொல்லப்பட்ட தொகை ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி. 176 என்று எழுதிப் பக்கத்தில் பத்துப் பூச்சியம் போட வேண்டும். அதுவும் களவுபோன பணம் என்று தணிக்கைத் தலைவர் சொல்லவில்லை. உரிமத்தை ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வருவாய் என்று அவர் கொடுத்த பல உத்தேசங்களில் பெரியது அது. மேடையில் பேசியவர்கள் அந்தப் பூச்சியங்களை எண்ணிக் காட்டியதைக் கேட்டிருக்கிறேன். கூட்டம் சிரித்தது, ஆனால் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அவர்கள் பேசியது கரண்ட் கட் பற்றி. மாவு அரைக்க முடியவில்லை, பம்பு செட் ஓடவில்லை, பிள்ளைக்குத் தேர்வு நேரம். ஒரு குடும்பத்தின் கைக்குள் தமிழ்நாடு போய்விட்டது என்ற எண்ணமும் இருந்தது, அது திரைப்படத் தொழில் முதல் மணல் வரை கண்ணுக்குத் தெரிந்த ஒன்று. அலைக்கற்றை அதற்கெல்லாம் ஒரு பெயராகப் பயன்பட்டது.

ஆக, ஊழலின் அளவு பெரிதாகப் பெரிதாகக் கோபமும் பெரிதாகும் என்று நினைப்பது படித்தவர்களின் மயக்கம். தன் கையால் அளந்து பார்க்கக்கூடிய ஊழலுக்குத்தான் வாக்காளர் தண்டனை கொடுக்கிறார்.


#6 · குறுக்குக்கேள்வி

தென்பெண்ணை அம்மா சொல்வது ஒரு படத்துக்குச் சரி. ஆனால் அதே புகைப்படத்தை இரண்டே ஆண்டுகளில் மறந்தது யார்? 1998 மக்களவைத் தேர்தலில் 39இல் 30 இடங்கள் அ.தி.மு.க. அணிக்குத்தானே போயின?


#7 · வைகைக்கரை

மறந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 1996இல் நரசிம்ம ராவ் அ.தி.மு.க.வுடன் மீண்டும் கைகோத்ததைப் பொறுக்காமல் காங்கிரசிலிருந்து மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. தி.மு.க.வுடன் சேர்ந்து அந்தப் புதிய கட்சி 39 சட்டமன்ற இடங்களையும் 20 மக்களவை இடங்களையும் வென்றது. இது ஊழல் குற்றச்சாட்டு கூட்டணியைத் திருப்பியதற்கு என்னிடமுள்ள ஆகச் சிறந்த சான்று. எண்ணும் எழுத்தும் காட்டியபடி வாக்கும் விலகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு இரண்டும் சேர்ந்தே நடந்தன.

1998இல் பா.ம.க., ம.தி.மு.க., பா.ஜ.க. என்று அணி திரட்டிக்கொண்டு அ.தி.மு.க. வந்தது. வாக்குப்பதிவுக்குச் சற்று முன்பு, பிப்ரவரி 14 அன்று, கோவையில் குண்டுகள் வெடித்தன. கோபத்தின் இலக்கே மாறிப்போயிற்று.

2001தான் உச்சம். டான்சி நிலபேர வழக்கில் 2000 அக்டோபரில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனுத் தாக்கல் செய்தார். நான்கும் தள்ளுபடி ஆயின. போட்டியிடவே முடியாத தலைவரின் கட்சி 132 இடங்களை வென்றது, கூட்டணியோடு 196. அந்தக் கூட்டணியில் யார் இருந்தார்கள் தெரியுமா? எந்தக் கட்சியோடு கூட்டு வேண்டாமென்று பிறந்ததோ, அந்தக் கட்சியோடு ஐந்தே ஆண்டுகளில் கைகோத்த தமிழ் மாநில காங்கிரஸ். மே 14இல் பதவியேற்றவரின் நியமனம் செல்லாது என்று செப்டம்பர் 21இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. வாக்குச்சாவடி அதைச் சொல்லவில்லை.


#8 · பழைய பூத் ஏஜெண்ட்

இதற்கெல்லாம் முன்னுதாரணம் 1980 என்பதை இளையவர்களுக்கு நினைவூட்டுகிறேன். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது இந்திரா காந்தியின் அரசு. அந்த ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரிக்க சர்க்காரியா ஆணையத்தை அமைத்ததும் அதே அரசு. நான்கு ஆண்டுகள் போகவில்லை, "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று கலைஞர் அழைத்தார். குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒரே மேடையில் ஏறி 39இல் 37ஐ வென்றார்கள். சுவரில் அந்த வாசகத்தை எழுதியவர்களில் நானும் ஒருவன். பழைய வெள்ளையை அடித்து அதன்மேல்தான் எழுதினோம். அடியில் இருந்தது நெருக்கடிநிலைக்கு எதிரான வாசகம்.

பலமுறை பூத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஊழல் செய்தி வந்தால் முதலில் அடங்கிப்போவது தொண்டன். வீட்டுக்கு வீடு போய் வாக்காளர் சீட்டுக் கொடுக்கும்போது யாராவது கிண்டலாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அவன் அடுத்த தெருவுக்குப் போகமாட்டான். வெயில் என்பான், வேலை என்பான். எதிரணிக்கு வாக்களிக்கவும் மாட்டான். மாலை நான்கு மணிக்கு வராத வாக்காளரை வண்டி வைத்து அழைத்துவர வேண்டிய நேரத்தில் ஆள் இருக்காது. இது எந்தக் கருத்துக்கணிப்பிலும் வராது. பட்டியலில் கோடு போடாத பெயர்களை எண்ணினால் தெரியும்.


#9 · ஒசாகாவிலிருந்து

இங்கே வேலை பார்ப்பதால் ஜப்பான் நிலவரத்தைச் சேர்க்கிறேன். பேராசிரியர் சொல்வது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதா என்று பார்க்க அது உதவும். போஃபர்ஸ் இந்தியாவை உலுக்கிய அதே 1989இல் இங்கே 'ரிக்ரூட்' நிறுவனத்தின் பங்கு விவகாரத்தில் பிரதமர் தகேஷிதா பதவி விலகினார். அந்த ஜூலையில் ஆளும் தாராள ஜனநாயகக் கட்சி மேலவையில் பெரும்பான்மையை இழந்தது. ஆனால் அந்தத் தோல்விக்கு ஊழல் மட்டுமே காரணமில்லை. ஏப்ரல் 1 முதல் எந்தப் பொருளை வாங்கினாலும் 3 விழுக்காடு நுகர்வு வரி கட்ட வேண்டியிருந்தது. தென்பெண்ணை அம்மா சொன்ன கைக்கு எட்டும் அளவு என்பது இங்கே கடைப் பில்லில் இருந்தது. 1990 பிப்ரவரியில் நடந்த கீழவைத் தேர்தலில் அதே கட்சி 275 இடங்களோடு நிம்மதியாகத் திரும்பி வந்தது.

அதன் ஆட்சி முடிந்தது 1993இல். கனெமாரு என்ற பெருந்தலைவர் வரி ஏய்ப்பு வழக்கில் கைதானார். சோதனையில் தங்கக் கட்டிகள் கிடைத்தன. ஊர் கொதித்தது. ஆனால் ஆட்சியைக் கவிழ்த்தது அந்தக் கொதிப்பு நேரடியாக அல்ல. ஹதா, ஒசாவா ஆகியோரின் குழு ஜூன் மாதம் தங்கள் பிரதமருக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரித்துவிட்டு வெளியேறியது. ஜூலைத் தேர்தலில் ஆளுங்கட்சி 223 இடங்களோடு தனிப்பெரும் கட்சியாகவே நின்றது. அடிவாங்கிப் பாதியானது எதிர்க்கட்சியான சோசலிஸ்ட் கட்சி. எட்டு அமைப்புகள் கூடி ஹொசோகாவாவைப் பிரதமராக்கியதால்தான் 38 ஆண்டு ஆட்சி போயிற்று. ஓராண்டுக்குள், 1994 ஜூனில், அதே சோசலிஸ்டுகளைக் கூட்டாளியாக்கிக்கொண்டு பழையவர்கள் திரும்பிவிட்டார்கள்.

2024 அக்டோபரிலும் கணக்கில் காட்டாத கட்சி நிதி விவகாரத்தில் அக்கட்சி 191 இடங்களுக்கு இறங்கிப் பெரும்பான்மையை இழந்தது. எதிர்க்கட்சிகள் ஒருவர் பெயரில் ஒன்றுபட முடியாததால் இஷிபாவே பிரதமராகத் தொடர்ந்தார்.


#10 · குறுக்குக்கேள்வி

ஜப்பானை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நெருடல் மீதி இருக்கிறது. ஐயாவின் கோட்பாட்டில் நீதிமன்றத்துக்கு இடமே இல்லையா? 2017 டிசம்பர் 21 காலையில் அலைக்கற்றை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் நீதிபதி ஓ.பி. சைனி விடுவித்தார். தமிழ்நாட்டில் எந்தக் கட்சியை அந்த வழக்கு ஏழாண்டுகள் துரத்தியதோ, அந்தக் கட்சிக்கு இதைவிட நல்ல செய்தி வேறு இருந்திருக்க முடியாது. அதே நாளில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் கழித்து எண்ணியபோது தி.மு.க. வேட்பாளர் டெபாசிட்டை இழந்திருந்தார். அ.தி.மு.க.விலிருந்து பிரிந்து பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பணப் பட்டுவாடாவுக்காக ஏப்ரலில் ரத்து செய்யப்பட்ட அதே இடைத்தேர்தல்.


#11 · வைகைக்கரை

நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீதிமன்றத்தின் கடிகாரமும் தேர்தலின் கடிகாரமும் எப்போதும் ஒன்றாக ஓடியதில்லை. போஃபர்ஸ் குற்றப்பத்திரிகை தாக்கலானது 1999இல். அதாவது, அதை வைத்து ஆட்சிக்கு வந்த அரசு கவிழ்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆன பிறகு. ராஜீவ் காந்திக்கு எதிரான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2004 பிப்ரவரியில் தள்ளியபோது அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கு இன்னும் விசித்திரமானது. 2014 மே மாதம் அ.தி.மு.க. 39இல் 37ஐ வென்றது. செப்டம்பர் 27இல் நீதிபதி குன்ஹா நான்காண்டு சிறையும் நூறு கோடி அபராதமும் விதித்தார். 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016 மே மாதம் மீண்டும் ஆட்சி. 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பையே உறுதி செய்தபோது முதன்மைக் குற்றவாளி உயிரோடு இல்லை. இந்த வரிசையில் எந்தத் தேதியில் வாக்காளர் எதை நம்பியிருக்க வேண்டும்?

2016ஐத் தனியே பார்ப்போம், ஏனென்றால் ஆண்ட கட்சியே தொடர்ந்தது எம்.ஜி.ஆர். காலத்துக்குப் பிறகு அன்றுதான். சென்னை வெள்ளம் முடிந்து ஆறு மாதம் ஆகவில்லை. முதலமைச்சரின் உடல்நிலை ஊரறிந்த இரகசியம். தண்டனையும் விடுதலையும் புதிது. அப்படியும் தி.மு.க. 89இல் நின்றது. இரு அணிகளுக்கும் வாக்கில் இருந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். தே.மு.தி.க., ம.தி.மு.க., விடுதலைச் சிறுத்தைகள், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் சேர்ந்த மக்கள் நலக் கூட்டணியும் துணைக் கட்சிகளும் ஆறு விழுக்காடு அளவுக்கு வாக்குகளைக் கொண்டுபோயின. ஓர் இடமும் பெறவில்லை. அவர்கள் ஏன் தி.மு.க.வோடு சேரவில்லை என்று கேட்டால், மேடையில் சொன்ன காரணம் 'இரண்டுமே ஊழல் கட்சிகள்' என்பது. பழம் நழுவிப் பாலில் விழும் என்று அறிவாலயத்தில் காத்திருந்தார்கள், விழவில்லை. அலைக்கற்றை வழக்கு 2011இல் தி.மு.க.வின் வாக்கைப் பெரிதாகக் கரைக்கவில்லை என்று எண்ணும் எழுத்தும் காட்டினார். அதன் உண்மையான விலையை அக்கட்சி ஐந்தாண்டு கழித்து, கூட்டாளி கிடைக்காத வடிவில் கட்டியது என்பேன். சொத்துக்குவிப்பு வழக்கைச் சந்தித்த கட்சிக்கு அது ஆதாயமாகப் போனது.

ஆர்.கே. நகரைப் பற்றி, அங்கே என் கோட்பாடு உதவவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்திருந்தது, எதிர்க்கட்சிக் கூட்டணி சிதறாமல் இருந்தது, வழக்கும் அன்றே விலகியது. என் கணக்குப்படி தி.மு.க. வென்றிருக்க வேண்டும். பூத் ஏஜெண்ட் நண்பர் சொன்ன தொண்டனின் சோர்வும், தெருவில் ஓடிய பணமும் ஒரு தொகுதி அளவில் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட முடியும் போலிருக்கிறது. 39 தொகுதிகளுக்கும் 234 தொகுதிகளுக்கும் போடும் கணக்கை ஒரு தொகுதிக்குப் போடக் கூடாது என்று தப்பித்துக்கொள்ளலாம். வகுப்பில் அப்படித்தான் தப்பித்திருப்பேன்.


#12 · பழைய பூத் ஏஜெண்ட்

பணத்தைப் பற்றி மட்டும் ஒரு திருத்தம். பணம் வாங்கியவர்கள் எல்லாரும் கொடுத்தவருக்கே போடுவதில்லை. இரண்டு பக்கமும் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பணம் கொடுக்காத வேட்பாளரைத்தான் 'இவர் ஜெயிக்கப் பார்க்கவில்லை' என்று தள்ளிவிடுகிறார்கள். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அது நுழைவுக் கட்டணம் மாதிரி ஆகிவிட்டது.


#13 · தென்பெண்ணை

நுழைவுக் கட்டணம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு 2016 மே மாதத்தை மறுபடி பாருங்கள். 234 தொகுதிகளில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் என்ற இரண்டில் மட்டும் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்துப் பின்னர் அறிவிக்கையையே ரத்து செய்தது. ஊழலுக்கு வாக்காளர் தண்டனை தர வேண்டுமென்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இதைவிடச் சுத்தமான சோதனைக்கூடம் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து, நவம்பரில் மீண்டும் தேர்தல் வைத்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் இரண்டு தொகுதிகளிலும் மே மாதம் நிறுத்திய அதே வேட்பாளர்களையே மறுபடியும் நிறுத்தின. இரண்டையும் ஆளுங்கட்சி வென்றது.


#14 · எண்ணும் எழுத்தும்

அந்த நால்வரில் யாரையாவது மாற்றியிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பதைச் சோதிக்க வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள்.